எழுபத்தொரு சிமிட்டல்கள்

மாநாடு தொடங்கிய ஏழாவது நிமிடத்தில் அதை நிறுத்தியவன் நான்தான்.

திட்டமிட்டுச் செய்திருந்தால் பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம். நடந்தது வேறு. என் கைப்பேசியில் ஒன்பது சதவீதம்தான் சார்ஜ் இருந்தது. அன்றைக்கு நான் காட்ட வேண்டிய எல்லாமே அதற்குள் இருந்தது. மண்டபத்தில் ஆயிரத்து இருநூறு பேர், மேடையில் முப்பதடித் திரை, ஆனால் ஒரு பிளக் பாயிண்ட் கண்ணில் படவில்லை. குனிந்து குனிந்து தேடியதில் மேடையோரக் கறுப்புத் துணிக்குப் பின்னால் ஒன்று அகப்பட்டது. அதில் ஏற்கெனவே எதுவோ சொருகியிருந்தது. எங்கள் பள்ளியில் வேலை செய்கிற பாயிண்ட் ஒன்றே ஒன்று. அதில் எது சொருகியிருந்தாலும், அவசரக்காரர் பிடுங்கிவிட்டுத் தன்னுடையதைச் சொருகிக்கொள்வார். இருபத்தாறு வருடப் பழக்கம் கையோடு வந்துவிட்டது. பிடுங்கினேன்.

மேடையில் அப்போது ஏணி அக்கா பேசிக்கொண்டிருந்தாள். ஐந்து வருடமாக மாநிலத்து அரசுப் பள்ளிப் பிள்ளைகளின் டேப்லெட்டில் பாடம் நடத்துகிறவள் அவள்தான். ஏணி என்பது செயலியின் பெயர். அக்கா என்பது பிள்ளைகள் சேர்த்துக்கொண்டது. அன்றைக்கு முதன்முறையாக ஆள் உயரத்தில், கைத்தறிப் புடவை கட்டி, வெறும் வெளிச்சத்தால் ஆன உடம்போடு மேடையில் நின்றாள். "உங்கள் பிள்ளைகள் ஒவ்வொருவரையும் எனக்கு நன்றாகத் தெ" என்றவள், வாய் திறந்தபடியே காணாமல் போனாள். திரை இருண்டது. ஆயிரத்து இருநூறு பேரும் ஒரே சமயத்தில் மூச்சை இழுத்த சத்தம் கேட்டது.

நான் துணிக்கு அடியிலிருந்து வெளியே வந்தேன். எதிரே தலையில் முக்காடும் கழுத்தில் அடையாள அட்டையுமாக ஒரு பெண் நின்றாள். முப்பது வயதுக்குள் இருக்கும். மூச்சிரைத்தது. அட்டையில் பெனாசிர் என்று போட்டிருந்தது.

"சார், கையில என்ன?"

"பிளக்கும்மா."

"யாரோடது?"

"என்னோடது இல்ல."

"அது தெரியுது சார். எங்கேர்ந்து எடுத்தீங்களோ அங்கயே சொருகிடுங்க."

சொருகினேன். ஏணி அக்கா திரும்ப வந்து, விட்ட இடத்திலிருந்து பேசாமல் முதல் வணக்கத்திலிருந்து தொடங்கினாள். அந்தப் பெண் கோபப்படவில்லை. தன் பையிலிருந்து ஒரு பவர் பேங்கை எடுத்து என் கையில் வைத்தாள். "சாயங்காலம் எங்க ஸ்டால்ல குடுத்துடுங்க. பதினேழாம் நம்பர். வேற எதையும் பிடுங்காதீங்க சார், ப்ளீஸ்" என்று சொல்லிவிட்டு மறுபடி ஓடினாள்.

என் பெயர் ஏகாம்பரம். கள்ளக்குறிச்சிப் பக்கம் கீழ்ப்பாச்சேரி அரசு நடுநிலைப் பள்ளியில் எட்டாம் வகுப்புக்குக் கணக்கும் அறிவியலும் எடுக்கிறேன். கல்வித் தொழில்நுட்ப மாநாடு ஒன்றுக்கு நான் வருவது இதுதான் முதல் தடவை. இதுவரை இப்படிச் சுற்றறிக்கை வந்தபோதெல்லாம் எனக்கு முதுகுவலி வந்திருக்கிறது. இந்த முறை நானே போய், "நான் போறேன் டீச்சர்" என்று நின்றதும், தலைமையாசிரியை வசந்தகோகிலம் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "ஏகாம்பரம் சார், வீட்ல எல்லாரும் நல்லாத்தானே இருக்காங்க?"

வீட்டில் எல்லாரும் நன்றாகத்தான் இருந்தார்கள். பூவரசிதான் நன்றாக இல்லை.

பூவரசிக்குப் பதிமூன்று வயது. அப்பா, அம்மா இருவரும் கரும்பு வெட்டப் போகிறவர்கள். கார்த்திகை முடிந்தால் லாரி வந்துவிடும். ஏறினால் பங்குனிக்குத்தான் திரும்பி வருவார்கள். போன வருடம் அவள் அம்மாவுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன். வெட்டுகிற கரும்பைக் கட்ட ஒரு ஆள் குறைந்தது. அந்த ஆள் பூவரசி.

இருபது நாள் தொடர்ந்து வராத பிள்ளையின் பெயரை ஏணி தானாகவே அடித்துவிடும். அடித்த பெயரைத் திரும்பச் சேர்க்க மாவட்டக் குழு கூட வேண்டும். குழு எப்போது கூடும் என்பது குழுவுக்கே தெரியாது. அதற்கு முந்தைய வருடம் நான் நேர்மையாக இருந்து பார்த்தேன். நான்கு பேரின் பெயர் போனது. நான்கு பேரில் ஒருவரும் திரும்பவில்லை. என் நேர்மைக்கு அந்த மாதம் பாராட்டுச் சான்றிதழ் கிடைத்தது. அதை எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை, தேடவும் இல்லை.

வருகைப் பதிவு இப்போது பேனாவால் இல்லை. வகுப்பு வாசலில் ஒரு கேமரா. பிள்ளை அதன் முன் நின்று ஒரு தடவை கண் சிமிட்ட வேண்டும். "சார், சிமிட்டிட்டேன்" என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு உள்ளே வரும். போட்டோவைக் காட்டினால் கேமரா ஏமாறாது. அதனால் லாரி ஏறுவதற்கு முதல் நாள் பூவரசியை நிறுத்தி என் கைப்பேசியில் வீடியோ எடுத்தேன். நான்கு விநாடி. முதலில் சிரித்துவிட்டாள். பிறகு அடக்கிக்கொண்டு, ரொம்பச் சிரத்தையாக ஒரு சிமிட்டு.

அதற்குப் பிறகு எழுபத்தொரு பள்ளி நாள். தினமும் காலை ஒன்பது இருபதுக்குக் கைப்பேசியைக் கேமரா முன் நீட்டுவேன். திரையில் பூவரசி சிரித்து, அடக்கி, சிமிட்டுவாள். பச்சை விளக்கு எரியும். மற்ற நாற்பது பிள்ளைகளும் அந்த நான்கு விநாடி மட்டும் வாய் பேச மாட்டார்கள். நான் அவர்களிடம் எதையும் சொல்லவில்லை. அவர்களும் யாரிடமும் சொல்லவில்லை. ஒழுக்கம் கற்பிக்க வேண்டியவன் ஒரு வகுப்பையே கூட்டுக்களவாணிகள் ஆக்கிவிட்டேன் என்று தோன்றும். ஆனாலும் மறுநாள் கை தானாக நீளும்.

பங்குனியில் அவள் வந்தாள். கை முழுக்கக் கரும்புச் சோகை கீறிய கோடுகள். மதிய இடைவேளையில் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தேன். மூன்று வாரத்தில் விட்ட பாடத்தையெல்லாம் பிடித்துவிட்டாள். கரும்புக் கட்டை வைத்தே அவள் சமன்பாட்டுக்கு உதாரணம் சொன்னபோது, நான் இருபத்தாறு வருடமாகச் சொல்லிவரும் தராசு உதாரணத்தைக் கைவிட்டேன்.

அப்புறம்தான் பட்டியல் வந்தது. எட்டாம் வகுப்பு முடிவில் ஏணி ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதை பிரிக்கும். முழுப்பாதை என்றால் வழக்கமான பாடம், அதோடு வாரத்தில் நான்கு மணி நேரம் திரை வழியாக ஒரு நிஜ ஆசிரியர். மென்பாதை என்றால் விண்ணப்பம் நிரப்புவது, மருந்துப் பாட்டிலில் எழுதியிருப்பதைப் படிப்பது, வாடிக்கையாளருக்கு வணக்கம் சொல்வது. பூவரசிக்கு மென்பாதை. வெள்ளிக்கிழமையோடு பட்டியல் பூட்டப்படும். பூட்டினால் ஒன்பதாம் வகுப்புக்கு எந்த ஊர், எந்தப் பள்ளிக்குப் போனாலும் அதே பாதைதான்.

"சார், நான் பொறந்த தேதியச் சரியா அழுத்தினதுக்குக் கைதட்டுது சார்" என்றாள் டேப்பைக் காட்டி. நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. "நான் எதுல சார் தப்பு விட்டேன்?"

அதைக் கேட்கத்தான் இருநூற்று முப்பது கிலோமீட்டர் வந்திருந்தேன். அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை.

விடை எனக்கு ஓரளவு தெரியும் என்றும் நினைத்திருந்தேன். எழுபத்தொரு நாள் வகுப்பில் "இருந்த" பிள்ளை, எழுபத்தொரு நாளும் ஒரு பாடத்தைக்கூடத் திறக்கவில்லை. இயந்திரம் என்ன நினைக்கும்? இது மந்தம் என்று நினைக்கும். அவளை மந்தமாக்கியது என் கைப்பேசி. யாராவது பொறுப்பானவரிடம் உண்மையைச் சொல்லிவிட்டால் சரியாகிவிடும். எனக்கு வேலை போகலாம், குறைந்தபட்சம் தற்காலிக நீக்கம். மனைவியிடம் இதைச் சொல்லவில்லை. புதுச் சட்டையை இஸ்திரி போட்டுத் தந்து அனுப்பியிருந்தாள், பாவம்.

முதல் ஸ்டாலில் ஒரு இளைஞர். பாதையை மாற்றுவது எப்படி என்று கேட்டேன். "அருமையான கேள்வி சார்" என்று ஒரு துணிப்பை கொடுத்தார். இரண்டாவது ஸ்டாலில், "இதைத்தான் சார் எல்லாரும் யோசிக்கணும்" என்று ஒரு பை. மூன்றாவதில் ஆளே இல்லை, ஒரு திரைதான். என் கேள்வியைப் பொறுமையாகக் கேட்டு, "உங்கள் கருத்து மதிப்புமிக்கது" என்று சொல்லி, கீழே ஒரு ஓட்டையிலிருந்து பை தள்ளியது. மதியச் சாப்பாட்டுக்குள் எனக்கு நான்கு பை சேர்ந்திருந்தது. விடை ஒன்றுகூட இல்லை.

சாப்பாட்டு வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர் ராமநாதபுரத்துக் கடலோரப் பள்ளி ஒன்றின் ஆசிரியர், அருளானந்து. என் பைகளைப் பார்த்தார்.

"மளிகை வாங்க வந்தியளா சார்?"

"கேள்வி கேட்டேன் சார். கேட்ட இடத்துல எல்லாம் பை குடுத்தாங்க."

"நான் கேள்வியே கேக்கல, எனக்கு அஞ்சு" என்று தூக்கிக் காட்டினார்.

தட்டோடு ஒரு ஓரமாக உட்கார்ந்தோம். அவருக்கு என் முகத்தில் என்ன தெரிந்ததோ, குரலைத் தாழ்த்திக் கேட்டார். "வருகை விவகாரமா?"

எனக்குச் சோறு தொண்டையில் நின்றது. அவர் முதுகில் தட்டினார். "அட, தண்ணியக் குடிங்க. எங்க பக்கம் அக்கா தங்கச்சி ரெண்டு பேரு, பாசி எடுக்கக் கடலுக்குள்ள போயிருங்க. அவுக அம்மாவுக்குக் கண்ணு தெரியாது. என்ன செய்யச் சொல்றீக? ரெண்டு வீடியோ வச்சிருக்கேன். மாத்தி மாத்திக் காட்டுவேன். சில நாள் அக்காவுக்குத் தங்கச்சியக் காட்டிருவேன், அதையும் வாங்கிக்கிருது அந்தக் கேமரா."

"மாட்டிக்க மாட்டோமா சார்?"

"மாட்டணும்னா இந்த வரிசை பூராவும் மாட்டணும். நீங்க என்னமோ பெரிய கொலை பண்ணின மாதிரி முழிக்கிறீக."

நான் வரிசையைப் பார்த்தேன். கையில் தட்டும் தோளில் துணிப்பையுமாக ஆசிரியர்கள். யார் முகத்திலும் குற்றவாளிக் களை இல்லை. எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. அருளானந்துவின் தட்டில் இருந்த அப்பளத்தையும் எடுத்துத் தின்றேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிற்பகல் அமர்வில் ஏணியின் தலைமை வடிவமைப்பாளர், முனைவர் கமலநாபன் பேசினார். இனிமையான மனிதர். "எந்தப் பிள்ளையும் விடுபடக் கூடாது" என்பதைப் பல விதமாகச் சொன்னார். கேள்வி நேரம் வந்ததும் கை தூக்கினேன். ஒலிவாங்கி வந்தது.

"ஐயா, எங்க பள்ளியில ஒரு பொண்ணு. நல்லாப் படிக்கிற பொண்ணு. மென்பாதையில போட்டுடுச்சு. வெள்ளிக்கிழமைக்குள்ள அவ பேரை எடுக்கணும். யாரைப் பார்க்கணும்?"

இதைவிட நேரான கேள்வி எனக்குக் கேட்கத் தெரியாது. முனைவர் நெஞ்சில் கை வைத்தார்.

"பாருங்க, இதுதான் ஒரு ஆசிரியரோட இதயம். ஒரு பிள்ளைக்காக இவ்வளவு தூரம் வந்திருக்கார். முதல்ல இவருக்கு நாம எல்லாரும் ஒரு கைதட்டல் குடுப்போமே!"

ஆயிரத்து இருநூறு பேரும் தட்டினார்கள். எனக்காக யாரும் அதுவரை கைதட்டியதில்லை. கைதட்டலுக்கு நடுவே ஒரு மனிதன் எத்தனை நேரம் நிற்பது என்று தெரியாமல் உட்கார்ந்துவிட்டேன். ஒலிவாங்கி அடுத்த வரிசைக்குப் போய்விட்டது. பிறந்த தேதியைச் சரியாக அழுத்திய பிள்ளை மாதிரி இருந்தது எனக்கு.

நான்கரை மணிக்கு எல்லாம் முடிந்தது. ஸ்டால்களைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். பதினேழாம் நம்பரில், கழற்றி வைத்த ஏணி பெயர்ப்பலகைக்குப் பக்கத்தில், பெனாசிர் ஒரு அட்டைப் பெட்டிக்குள் வயர்களைச் சுருட்டி வைத்துக்கொண்டிருந்தாள். பவர் பேங்கை நீட்டினேன்.

"பரவால்லையே சார், ஞாபகமாக் கொண்டு வந்துட்டீங்க. சார்ஜ் ஏறுச்சா?"

"ஏறுச்சும்மா. ஆனா காட்ட வேண்டிய ஆளுதான் கிடைக்கல."

கேலியாகச் சொல்லத்தான் நினைத்தேன். குரல் காலை வாரிவிட்டது. அவள் என்னைப் பார்த்தாள். பெட்டியை நகர்த்தி ஒரு ஸ்டூல் போட்டாள். தன் பிளாஸ்க்கிலிருந்து காகிதக் கோப்பையில் தேநீர் ஊற்றிக் கொடுத்தாள்.

"நீங்கதானே கேள்வி கேட்டவரு? கைதட்டுனாங்களே."

"ஆமா, அதே ஆளுதான். பிளக்கப் பிடுங்கினதும் நான்தான், கைதட்டு வாங்கினதும் நான்தான். ஒரே நாள்ல ரெண்டு சாதனை." தேநீரைக் கீழே வைத்தேன். "நான் ஒரு குத்தத்தைச் சொல்லணும்மா. யாருகிட்ட சொல்றதுன்னு தெரியல. உங்ககிட்ட சொல்றேன். எழுதிக்கணும்னா எழுதிக்கங்க."

சொன்னேன். லாரி, வீடியோ, எழுபத்தொரு நாள், எல்லாம். எதையும் மறைக்கவில்லை. கைப்பேசியில் அந்த நான்கு விநாடியையும் போட்டுக் காட்டினேன். பூவரசி சிரித்தாள், அடக்கினாள், சிமிட்டினாள். பெனாசிர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஆக, அவ மந்தம் இல்லம்மா. அவ அங்க இல்லவே இல்ல. நான் பண்ணின பித்தலாட்டத்துல மெஷின் தப்பாக் கணக்குப் போட்டுடுச்சு. வருகையை அழிச்சுட்டா அவ மேல விழுந்த பேரும் அழிஞ்சுடும். என்னை என்ன வேணா செய்யட்டும்."

அவள் மடிக்கணினியைத் திறந்தாள். "பள்ளி எண் சொல்லுங்க சார்."

சொன்னேன். தட்டினாள். கொஞ்ச நேரம் படித்தாள்.

"உங்க பொண்ணு கடைசித் தேர்வுல வகுப்புலேயே ரெண்டாவது."

"அது இதுல இருக்கா?"

"எல்லாம் இருக்கு சார். மூணே வாரத்துல முழுப் பாடத்தையும் முடிச்சிருக்கா. அதையும் போட்டிருக்கு."

"அப்புறம் எப்படி மென்பாதை?"

"இவளால படிக்க முடியாதுன்னு இது சொல்லல." மடிக்கணினியைப் பாதி மூடினாள். "இவ இருக்க மாட்டான்னு சொல்லுது. பத்தாவதுக்குள்ள நின்னுடுவான்னு. வாரத்துல நாலு மணி நேரம் ஒரு பிள்ளைக்கு ஒரு ஆள் உக்காந்து சொல்லிக் குடுக்கணும் சார். அத்தனை ஆள் கிடையாது. பாதியில போற பிள்ளைக்கு எதுக்குன்னுதான் பிரிக்கிறாங்க."

"போயிடுவான்னு யாரு சொன்னா?"

பக்கத்து ஸ்டாலில் எதையோ சுத்தியலால் அடித்துக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் நின்றதும் சொன்னாள்.

"நீங்கதான் சார் சொன்னீங்க."

"நானா? நான் யாருகிட்டயும்..."

"ஒரே சிமிட்டல். ஒரே சிரிப்பு. எழுபத்தொரு நாள். மெஷினுக்குத் தெரியாதுன்னா நினைக்கிறீங்க? முதல் நாளே தெரியும்."

"தெரிஞ்சுமா பச்சை விளக்கு போட்டுது?"

"போடச் சொல்லியிருக்கு. தடுத்தா நீங்க வேற வழி பார்ப்பீங்க. அது எங்களுக்குத் தெரியாத வழியா இருக்கும். விட்டுட்டா, எந்த ஆசிரியர் எந்தப் பிள்ளைக்காகப் பொய் சொல்றாருன்னு தினமும் தெரியும். ஒரு பிள்ளை வீட்ல என்ன நடக்குது, லாரி எப்ப வரும், யாருக்கு ஆபரேஷன், இதெல்லாம் எங்க கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரியும் சார்? உங்களுக்குத் தெரியும். கேட்டா எழுதிக் குடுக்க மாட்டீங்க. அதனால கேக்கறதில்ல. நீங்க பொய் சொல்ற வரைக்கும் காத்திருக்கோம், அவ்வளவுதான்."

"அதுக்குன்னு... நாங்க அக்கறைப்பட்ட பிள்ளையவா கீழ தள்ளுவீங்க?"

"பிரச்சினை இல்லாத பிள்ளைக்காக யாரும் பொய் சொல்றதில்லையே சார்."

தேநீரில் ஆடை கட்டியிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். மதியம் என் முதுகில் தட்டிய கை நினைவுக்கு வந்தது. இரண்டு வீடியோ, மாற்றி மாற்றி. அக்காவுக்குத் தங்கச்சி, அதையும் வாங்கிக்கொள்கிறது கேமரா. ஏமாறுகிறது என்று அவர் சிரித்தார், நானும் சிரித்தேன், அப்பளம் தின்றேன்.

"எத்தனை பேரு இந்த மாதிரி?"

"இந்த வருஷம் பதினோராயிரத்துச் சொச்சம் பிள்ளைங்க. எங்களுக்குள்ள அதுக்கு வகை ஏழுன்னு பேரு. எங்ககிட்ட இருக்கற எல்லா அடையாளத்துலயும் இதுதான் பொய்க்காத அடையாளம்."

"எந்தப் படுபாவிம்மா இதை யோசிச்சான்?"

நான் யாரையும் அப்படித் திட்டுகிறவன் இல்லை. வந்துவிட்டது. அவள் வயர் ஒன்றைக் கையில் எடுத்துச் சுருட்டினாள். ஏற்கெனவே சுருட்டி வைத்த வயர்தான் அது.

"நான்தான் சார்."

நான் ஸ்டூலில் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"எனக்கு ஊரு மேலப்பாளையம். எட்டாவது படிக்கையில அம்மாவுக்குக் கை மரத்துப் போச்சு. பீடி சுத்த ஆளில்ல. அஞ்சு மாசம் நான் உக்காந்து சுத்துனேன். சகாயமேரி டீச்சர் எனக்கு வருகை போட்டாங்க. அப்பல்லாம் ரிஜிஸ்டர்தான, பேனாவால ஒரு கோடு இழுத்தா முடிஞ்சுது. எங்க வகுப்புல டீச்சர் அப்படிக் கோடு போட்டது பத்துப் பேருக்கு. நான் ஒருத்திதான் திரும்பி வந்தேன். இங்க வேலைக்குச் சேர்ந்த புதுசுல ஒரு கூட்டத்துல இதைச் சொன்னேன். டீச்சருங்க யாருக்குப் பொய் சொல்றாங்கன்னு பாருங்க, அந்தப் பிள்ளைங்களுக்கு முதல்ல உதவி பண்ணுங்கன்னு சொன்னேன். அவங்க மாநிலம் முழுக்கப் போட்டுப் பார்த்தாங்க. பத்துக்கு ஒன்பது, அப்படியே வந்துச்சு." வயரைப் பெட்டியில் வைத்தாள். "பாதி யோசனையை மட்டும் எடுத்துக்கிட்டாங்க."

"இப்ப இருந்திருந்தா நீங்களும் வகை ஏழுதானே?"

"என் பழைய வருகையைப் போட்டுப் பார்த்தேன் சார். வகை ஏழுதான் வந்துச்சு."

அவள்மேல் காட்டக் கோபம் இருக்கிறதா என்று எனக்குள் தேடிப் பார்த்தேன். கிடைத்தது போதவில்லை. என்மேல் காட்டவே அது தேவைப்பட்டது.

"சரி, நான் நாளைக்கே எழுதிக் குடுக்கறேன். எழுபத்தொரு நாளும் பொய்னு கையெழுத்துப் போட்டுத் தர்றேன்."

"உங்களை வீட்டுக்கு அனுப்புவாங்க. அவ பேர்ல சந்தேகம்னு இருக்கறது உறுதின்னு மாறும். இன்னும் ஆழமாப் பூட்டும்."

ஆக, அதுவும் இல்லை. வாழ்க்கையில் முதல் தடவை ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள இஸ்திரி போட்ட சட்டையில் கிளம்பி வந்தவன் நான். அதை வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. வாங்கினால் அதையும் அந்தப் பிள்ளை தலையில்தான் வைப்பார்கள்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள வேற ஏதாவது? நீங்களே உள்ள போய் ஒரு எழுத்தை மாத்த முடியாதா? ஒரே ஒரு பேரும்மா."

"எனக்கு அந்த அனுமதி இருந்திருந்தா, பதினோராயிரத்தையும் எப்பவோ மாத்தியிருப்பேன் சார். பூவரசிக்கு ஒண்ணும் செய்ய முடியாது."

பூவரசி என்று பெயரைச் சொல்லித்தான் சொன்னாள். நான் ஒரே ஒரு தடவைதான் அந்தப் பெயரை உச்சரித்திருந்தேன்.

கண்ணாடிச் சுவருக்கு வெளியே வெயில் இன்னும் இருந்தது. பஸ்களுக்குள் ஆசிரியர்கள் பைகளோடு ஏறிக்கொண்டிருந்தார்கள். எங்கள் பக்கத்து பஸ் ஐந்தரைக்கு. நாளை காலை ஒன்பது இருபதுக்குப் பூவரசி வாசலில் நின்று தன் கண்ணாலேயே சிமிட்டிவிட்டு உள்ளே வருவாள். "என்ன சார் சொன்னாங்க?" என்று கேட்பாள். கேட்காமல் இருக்க மாட்டாள். அவள் எதிலும் தப்பு விடவில்லை என்று சொல்லலாம். பிறகு யார் விட்டது என்று கேட்பாள். கணக்கில் கெட்டிக்காரி.

எழுந்தேன். நான்கு பைகளையும் அந்த ஸ்டூல் மேலேயே வைத்தேன்.

"காலையிலேர்ந்து ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கிட்டு இருக்கேம்மா. பை குடுத்தாங்க, கைதட்டுனாங்க. நீங்க ஒருத்தர்தான் பேசினீங்க. கடைசியா ஒண்ணு மட்டும் கேக்கறேன். அடுத்த டிசம்பர்லயும் லாரி வரும். ஏழாவதுல ரெண்டு பிள்ளைங்க இப்பவே மூட்டை கட்டத் தயாரா நிக்குது. வருகை போடலைன்னா இருபது நாள்ல பேரு போயிடும். போட்டா நீங்க புடிச்சுப்பீங்க. அப்ப நான் என்னதான் செஞ்சிருக்கணும்? சுத்தி வளைக்காம சொல்லுங்க."

பெனாசிர் இரண்டு பக்கத்து ஸ்டாலையும் ஒரு தடவை பார்த்தாள். கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றிப் பெட்டிக்குள் போட்டு மூடினாள். பிறகு ரொம்பச் சாதாரணமாக, பஸ் எந்தப் பக்கம் நிற்கும் என்று சொல்வதைப் போலச் சொன்னாள்.

"நாப்பத்தொரு பேருக்கும் வீடியோ காட்டியிருக்கணும் சார். தினமும், எல்லாருக்கும். வந்த பிள்ளைக்கும், வராத பிள்ளைக்கும். ஒருத்திக்கு மட்டும் காட்டுனீங்க பாருங்க, அதுலதான் அவ மாட்டுனா."